கழுத்தில் எழுதிய ஆண்டு

நெய்வேலியில் பள்ளி மாணவனாக இருந்தபோது என்.சி.சி. அணிவகுப்புக்காக என் கையில் கொடுக்கப்பட்ட துப்பாக்கி சுடாது. குழலில் துளை போட்டிருந்தார்கள். உடலில் ‘டி.பி.’ என்று இரண்டு எழுத்துகள் ஆழமாகக் குத்தப்பட்டிருந்தன. கவாத்துப் பழகுவதற்கு மட்டுமே ஆனது என்று அதற்குப் பொருள். எடை நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஜனவரி மாதத்துப் பனியில் அதன் இரும்பு கையைச் சுடுகிற மாதிரி குளிரும்.

அந்தத் துப்பாக்கியில் நான் மூன்று எண்களைப் பார்த்தேன். பின்கட்டையில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய இரண்டு இலக்க எண் ஒன்று. பயிற்சி தரும் உஸ்தாத் கேட்டால் உடனே சொல்ல வேண்டிய ‘பட் நம்பர்’ அதுதான். போல்ட் கைப்பிடியின் பின்புறம் ஓர் எழுத்தும் சில இலக்கங்களும். மூன்றாவது, பின்கட்டை வந்து செருகுகிற இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தில். அங்கே ஒரு கிரீடம், அதன்கீழ் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், அதன்கீழ் இஷாப்பூர், அதற்கும் கீழே 1942.

1942-இல் நெய்வேலி நகரியமே கிடையாது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்ற செய்தி பரவி ஏழெட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது 1956 நவம்பரில். நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது 1957 மே 20-ஆம் நாள். முதல் நிலக்கரி கண்ணில் பட்டது 1961-இல். ஆக, நான் தோளில் சுமந்த அந்த இரும்பு, என் ஊரைவிட மூத்தது. அது யாருக்காகச் செய்யப்பட்டது, எங்கெல்லாம் போய்விட்டு இங்கே வந்தது என்ற கேள்வி அன்று மனத்தில் விழுந்தது. பழைய ராணுவத் துப்பாக்கிகளின் அடையாளங்களைப் படிக்க நான் முயன்றதன் தொடக்கம் அதுவே.

இந்தத் துறையில் நுழைகிற எவரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். வரிசை எண்ணைச் சொன்னால் எந்த ஆண்டு செய்தது என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியாது என்பதே நேர்மையான பதில். எண் ஒரு பெயர். பெயரிலிருந்து வயதைச் சொல்ல வேண்டுமானால் பெயர் வைத்த வீட்டின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நகரியத்தின் எந்த வட்டம் என்று தெரியாமல் வெறும் வீட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே யார் வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிடப் பொருத்தமான ஒப்புமை நமக்கு மேற்கே, விருத்தாசலத்தில் இருக்கிறது. அங்கே விருத்தகிரீசுவரர் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்தார். சோழர் காலக் கல்வெட்டுகள் ஆண்டைச் சொல்கிற முறை, அரசன் பட்டமேறியதிலிருந்து இத்தனையாவது யாண்டு என்பது. அரசன் பெயர் இருந்தால் கணக்கு நேராகும். ஆனால் சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை ஒருவர் மாற்றி ஒருவர் தரித்தார்கள். ‘கோப்பரகேசரி, யாண்டு எட்டு’ என்று மட்டும் ஒரு கல் சொன்னால், எந்தப் பரகேசரி என்ற கேள்வியில் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் வாதாடுவார்கள். அப்போது எழுத்தின் வடிவம் உதவிக்கு வரும். குறிப்பிடப்படும் அதிகாரிகள், நில அளவுகோல், அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி உண்டா இல்லையா என்பதெல்லாம் சாட்சியாகும். துப்பாக்கியின் வரிசை எண் அரசன் பெயரில்லாத ‘யாண்டு எட்டு’. தொழிற்சாலையின் பெயர்தான் அரசன் பெயர். முத்திரையும் மாதிரிப் பெயரும் மெய்க்கீர்த்தி.

துப்பாக்கிக்கு எண் எதற்கு? வயதைக் குறிக்க அல்ல. என் கைக்கு வந்த லீ-என்ஃபீல்டு வகையில் தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கி நிற்பது போல்ட். அதற்கும் குழலின் அறைக்கும் இடையே உள்ள இடைவெளி மயிரிழை அளவில் சரியாக இருக்க வேண்டும். கூடினால் தோட்டாக் கூடு கிழிந்து, சுடுபவர் முகத்தில் சூடான வாயு அடிக்கும். ஆகவே ஆலையில் ஒவ்வொரு போல்ட்டையும் அதற்கான உடலோடு பொருத்திப் பார்த்து, இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்தினார்கள். உடலின் முன்வளையம், குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், முன்மூக்குத் தொப்பி, பின்காட்சித் தகட்டின் அடிப்பக்கம், முன்கட்டை என ஒரே எண் பல இடங்களில் வரும். இருபது துப்பாக்கிகளை ஒரே நேரத்தில் பிரித்துத் துடைக்கும்போது பாகங்கள் கலந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் அந்த எண்களின் பிறப்புக்குக் காரணம். துடைப்புத் துணியும் எண்ணெயுமாக உட்கார்ந்து துப்பாக்கி துடைத்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

எண் போடும் வழக்கம் நாட்டுக்கு நாடு மாறியது. ஜெர்மனியின் மௌசர் துப்பாக்கிகளில் ஒவ்வோர் ஆண்டும் எண் 1-இலிருந்து புதிதாகத் தொடங்கும். பத்தாயிரத்தை எட்டியதும் எண்ணின் பின்னால் ‘ஏ’ என்ற சிற்றெழுத்தைச் சேர்த்து மறுபடி 1. அதுவும் முடிந்தால் ‘பி’. ஆகவே ஒரே எண்ணும் ஒரே எழுத்தும் கொண்ட இரண்டு மௌசர்கள் உலகில் இருக்கலாம். ஒன்று 1939-இல் ஓர் ஆலையிலும் மற்றொன்று 1941-இல் வேறோர் ஆலையிலும் செய்யப்பட்டிருக்கும். உடலின்மேல் குத்திய ஆலைக் குறியையும் ஆண்டையும் சேர்த்துப் படித்தால்தான் எது எதுவென்று சொல்ல முடியும். இதற்கு நேர் எதிர் கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலை. அது போர்க்காலத்தில் செய்த நான்காம் எண் என்ஃபீல்டுகளுக்கு ஓரிரு இலக்கம், ‘எல்’ எழுத்து, பின் நான்கு இலக்கம் என்று தொடர்ச்சியாக எண் கொடுத்துக்கொண்டே போனது. அமெரிக்காவில் சாவேஜ் நிறுவனம் பிரிட்டனுக்காகச் செய்த அதே வகைத் துப்பாக்கிகளில் ‘எல்’ எழுத்தின் இடத்தில் ‘சி’ இருக்கும். அமெரிக்க அரசின் சொத்து என்ற வாசகமும் இருக்கும்.

எண்ணைக் கொண்டே காலத்தைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியதற்கு அமெரிக்கத் துப்பாக்கிகள் ஒரு காரணம். ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆலையின் துப்பாக்கிகளுக்குத் தொடர் எண். எந்த எண் எந்தக் காலத்தில் முடிந்தது என்ற பட்டியல்கள் அச்சில் கிடைக்கின்றன. அங்கே எண் உயிரைக் காக்கிற செய்தியாகவும் ஆனது. 1903 மாதிரித் துப்பாக்கிகளின் தொடக்கக் காலத்தில் தொழிலாளர்கள் இரும்பின் சூட்டைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டார்கள். வெயில் நாளில் ஒரு நிறமும் மேகமூட்டத்தில் வேறு நிறமுமாகத் தெரிந்ததில், சில உடல்கள் அளவுக்கு மீறிச் சூடேறி நொறுங்கும் தன்மை பெற்றன. முதல் உலகப் போரின்போது சில வெடித்ததும் முறையை மாற்றினார்கள். அதனால்தான் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 8,00,000-க்குக் கீழ்ப்பட்ட எண்ணுள்ள உடல்களைச் சுடுவதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்று இன்றும் எச்சரிக்கிறார்கள்.

நம் கைக்கு வந்ததோ இஷாப்பூர்.

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது இஷாப்பூர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வெடிமருந்து செய்த இடம். அதே இடத்தில் 1900-களின் தொடக்கத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. 1907-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ‘குட்டை மேகசின் லீ-என்ஃபீல்டு, மூன்றாம் மார்க்’ என்ற மாதிரி அடுத்த சில ஆண்டுகளில் இங்கேயும் உருவாகத் தொடங்கியது. நம் ஊரில் போலீஸ்காரர் முதல் என்.சி.சி. பையன் வரை எல்லோரும் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று அழைத்தது இதைத்தான். குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர். அதற்கு வேண்டிய புகையற்ற வெடிமருந்தான கார்டைட்டைச் செய்ய நீலகிரியில் அருவங்காட்டில் ஆலை அமைந்தது. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போகிறவர்கள் இன்றும் அதைக் கடந்துதான் போகிறார்கள். துப்பாக்கி ஹூக்ளிக் கரையில், அதன் மூச்சு நீலகிரி மலையில்.

இஷாப்பூர்த் துப்பாக்கியின் காலத்தை அறிய வேண்டியவர் முதலில் போக வேண்டிய இடம் வரிசை எண் அல்ல, கழுத்து. கட்டை செருகும் அந்த இரும்புப் பட்டையின் வலப்புறத்தில் ஆலை தன் பெயரையும் ஆண்டையும் முழு நான்கு இலக்கத்தில் எழுதியிருக்கிறது. கல்வெட்டு ஆய்வாளனுக்கு சக ஆண்டோடு கல் கிடைத்த மாதிரி இது. மேலே உள்ள கிரீடமும் எழுத்தும் இன்னும் நுணுக்கமானவை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் செய்தவற்றில் ஜி.ஆர். என்று இரண்டே எழுத்து இருக்கும். ஜார்ஜ் மன்னர் என்பதன் லத்தீன் சுருக்கம். இஷாப்பூரில் மட்டும் மூன்றாவதாக ஓர் ‘ஐ’ சேர்ந்தது. இம்பெரேட்டர், பேரரசர். பிரிட்டனுக்கு ஜார்ஜ் மன்னர். இந்தியாவுக்கு அவரே சக்கரவர்த்தி. அந்த ஒற்றை எழுத்து துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது என்பதோடு, யாருடைய ஆட்சிக்கு உட்பட்ட கைகளால் செய்யப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறது.

இங்கேயும் பரகேசரிச் சிக்கல் உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரை. ஆறாம் ஜார்ஜ் 1936 முதல். இருவருக்கும் ஜி.ஆர்.ஐ.தான். ஆண்டு இலக்கம் தேய்ந்துபோன துப்பாக்கியில் ஜி.ஆர்.ஐ. மட்டும் தெரிந்தால் முப்பதாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் எங்கு வேண்டுமானாலும் அது இருக்கலாம். அப்போது மாதிரிப் பெயரைப் பார்க்க வேண்டும். ‘எஸ்.எச்.டி. எல்.இ.’ என்ற பழைய பெயரா, 1926-இல் பெயர் மாற்றத்துக்குப் பின் வந்த ‘நம்பர் ஒன்று’ என்ற பெயரா? மூன்றாம் மார்க்கா, போர்க்கால எளிமைக்காகச் சில பாகங்களை விட்டுவிட்ட நட்சத்திரக் குறியிட்ட மூன்றாம் மார்க்கா? தோட்டாப் பெட்டியை அடைத்து ஒவ்வொன்றாகச் சுட வைக்கிற ‘கட்-ஆஃப்’ தகட்டுக்கு உடலில் இடம் வெட்டியிருக்கிறதா? கட்டையில் யூனிட் எண் பொறித்த பித்தளை வட்டு இருக்கிறதா, அல்லது அது இருந்த குழி மட்டும் இருக்கிறதா? இவை ஒவ்வொன்றும் காலத்தைச் சற்று இறுக்கிக் கொடுக்கும்.

நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டில் ஆலையின் முத்திரை அச்சுகள் ஒரே இரவில் மாறிவிடவில்லை. ஜார்ஜ் மன்னர் இந்தியப் பேரரசர் பட்டத்தை முறையாகத் துறந்ததே 1948 ஜூன் 22-இல்தான். குடியரசுக்குப் பிறகு கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது. இஷாப்பூர் என்ற ஊர்ப்பெயர் சுருங்கி ஆர்.எஃப்.ஐ. ஆனது. கிரீடம் கொண்ட கழுத்தையும் சிங்கம் கொண்ட கழுத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அதே இரும்பு, அதே வளைவு, அதே கை. மேலே உள்ள முத்திரை மட்டும் வேறு. இந்திய வரலாற்றைச் சொல்ல இதைவிடச் சிறிய ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

1962-இல் சீனாவோடு நடந்த போர் இஷாப்பூரை மறுபடி விரைவுபடுத்தியது. உலகம் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. நம் படைகளுக்குத் தானியங்கித் துப்பாக்கி போதிய அளவில் இல்லை. கையிலிருந்த பழைய வடிவத்தையே புதிய தோட்டாவுக்கு ஏற்றபடி வலுவான எஃகில் செய்தார்கள். அதுதான் 2ஏ. பழைய பின்காட்சியில் 2000 வரை இருந்த தூரக் கணக்கை 1965-இல் 800 மீட்டராகக் குறைத்தபோது பெயர் 2ஏ1 ஆயிற்று. பழைய .303-இன் குழலை மாற்றித்தான் இதைச் செய்தார்கள் என்று பலர் இன்றும் எழுதுகிறார்கள். அது தவறு. இவை புதிதாகவே வார்த்துக் கடைந்து செய்யப்பட்டவை. கழுத்தில் மாதிரிப் பெயர், 7.62 என்ற அளவு, ஆர்.எஃப்.ஐ., ஆண்டு என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கும். கையால் போல்ட் இழுத்துச் சுடும் ராணுவத் துப்பாக்கி ஒன்றை இவ்வளவு பிந்திய காலத்தில் பெரிய அளவில் செய்த ஆலை உலகில் அரிது. இதே பத்தாண்டில், 1966-இல், திருச்சியில் படைக்கலத் தொழிற்சாலை தொடங்கியது. பிற்காலத்தில் ‘திருச்சி தாக்குதல் துப்பாக்கி’ அங்கிருந்துதான் வந்தது. 2021 அக்டோபர் முதல் இஷாப்பூரும் திருச்சியும் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன.

இனி நான் சொல்லப்போவது இந்த ஆய்வில் என்னை அதிகம் உலுக்கிய பகுதி.

பழைய காவல் நிலையங்களிலும் அரசுக் கிடங்குகளிலும் ‘மஸ்கட்’ என்ற பெயரில் ஒரு துப்பாக்கி இருந்தது. பார்வைக்கு .303 போலவே இருக்கும். கழுத்தில் கிரீடமும் ஆண்டும் உண்டு. ஆனால் குழலுக்குள் நோக்கினால் மரை இல்லை. ரவையைச் சுழற்றி நேராக அனுப்புகிற அந்தத் திருகு வரிகளைக் கடைந்து எடுத்து, துளையை .410 அங்குலமாக அகலப்படுத்திவிட்டார்கள். மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் மரத்துண்டு வைத்து அடைத்திருக்கும். ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்ட பிறகு அடுத்ததைக் கையால் போட வேண்டும். நெடுந்தூரம் குறிவைத்துச் சுடும் கருவியை வேண்டுமென்றே மழுக்கியிருக்கிறார்கள்.

இதன் வேர் 1857-க்குப் போகிறது. சிப்பாய்களின் எழுச்சிக்குப் பின் பிரிட்டிஷ் அரசு எடுத்த முடிவுகளில் ஒன்று, இந்தியச் சிப்பாயின் கையில் இருப்பது வெள்ளைச் சிப்பாயின் கையில் இருப்பதைவிடத் தாழ்ந்ததாக இருக்க வேண்டும் என்பது. மரை வெட்டிய என்ஃபீல்டுகளுக்குப் பதிலாக 1858-இலிருந்து மரையில்லாத மாதிரியை இந்தியப் படைகளுக்கென்றே செய்து கொடுத்தார்கள். அந்த அவநம்பிக்கை அரை நூற்றாண்டு கடந்தும் காவலர்களின் கையிலிருந்த .410 மஸ்கட்டில் தொடர்ந்தது. கூட்டத்தைக் கலைக்கப் போதுமான கருவி. அரசை எதிர்க்க உதவாத கருவி. விடுதலைக்குப் பிறகும் அவற்றை நாமே வைத்திருந்தோம், நாமே பயன்படுத்தினோம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

காலம் கணிப்பவருக்கு மஸ்கட் ஒரு பாடம் வைத்திருக்கிறது. கழுத்திலுள்ள ஆண்டு அந்த உடல் .303 துப்பாக்கியாகப் பிறந்த ஆண்டு. மஸ்கட்டாக மாறியது பல ஆண்டு பிந்தியிருக்கலாம். எந்த ஆண்டை அதன் வயது என்று எழுதுவது? இரண்டையும் எழுத வேண்டும் என்பதே என் தீர்ப்பு. உடல் இந்த ஆண்டைச் சேர்ந்தது, இன்றைய வடிவம் அந்த ஆண்டைச் சேர்ந்தது என்று.

பழுதுபார்ப்பும் இதே குழப்பத்தைத் தரும். ராணுவத் துப்பாக்கி ஒரே முறை செய்து முடிக்கப்படுகிற பொருள் அல்ல. குழல் தேய்ந்தால் புதுக் குழல். கட்டை வெடித்தால் புதுக் கட்டை. இந்தியாவின் வெயிலிலும் மழைக்காலத்திலும் மரம் விரிந்து சுருங்கிப் பிளந்துவிடும் என்பதால் இஷாப்பூர்க்காரர்கள் முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகாணியைப் பூட்டினார்கள். சேகரிப்பாளர்கள் அதற்கு ‘இஷாப்பூர் திருகு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முழுப் பழுதுபார்ப்புக்கு ஆலைக்கே திரும்பிய துப்பாக்கியில் எஃப்.டி.ஆர். என்ற எழுத்துகளும் ஓர் ஆண்டும் சேர்வதுண்டு. அதைப் பிறந்த ஆண்டாக எடுத்துக்கொண்டால் கணக்குப் பிசகும். போல்ட் மாறினால் பழைய எண்ணின்மேல் கோடு கிழித்துவிட்டுப் புதிய எண்ணைக் குத்துவார்கள். திருப்பணியில் கல் மாற்றி அடுக்கிய கோயில்களை நினைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டின் முதல் பாதி வடசுவரிலும் மறுபாதி தென்சுவரில் தலைகீழாகவும் இருக்கும். அதற்காகக் கோயில் போலியாகிவிடாது. திருப்பணி நடந்தது என்பதும் கோயிலின் வரலாறு.

எண்கள் எல்லாம் ஒத்துப்போகும் துப்பாக்கிக்கு மேனாட்டுச் சந்தையில் விலை அதிகம். அதனால் எண்ணைப் புதிதாகக் குத்திப் ‘பொருத்தம்’ உண்டாக்குகிற கைகளும் உண்டு. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன 2ஏ1-களில் பலவற்றின் குழலை வெட்டிக் குறைத்து, இரண்டாம் உலகப் போரின் ‘காட்டுக் கார்பைன்’ போலத் தோற்றம் கொடுத்து விற்றார்கள். கழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார். போர் 1945-இல் முடிந்தது, கழுத்தில் ஆர்.எஃப்.ஐ. என்றும் 1960-களின் ஆண்டும் இருக்கும்.

பட் நம்பரையும் வரிசை எண்ணையும் ஒன்றாகக் கொள்கிற தவறு நம்மிடையே மிகச் சாதாரணம். பெயின்டில் எழுதிய பட் நம்பர் அந்தப் பிரிவுக்குள் மட்டும் செல்லுபடியாகும். ‘கோத்’ என்கிற ஆயுத அறையிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் திரும்ப வாங்கிக் கணக்குப் பார்க்கவும் அது போதும். வேறு பிரிவுக்குப் போனால் வேறு பட் நம்பர். இரும்பில் குத்திய ‘பாடி நம்பர்’தான் துப்பாக்கியின் பெயர். தோட்டாவின் அடியில் உள்ள ஆண்டும் இப்படியே வழிதவற வைக்கும். கிர்க்கி ஆலையின் கே.எஃப். முத்திரையோடு வந்த தோட்டாவின் ஆண்டு அந்தத் தோட்டாவின் வயது மட்டுமே.

எண்ணை அழித்துவிட்டால் என்ன ஆகும்? இரும்பில் எழுத்தைக் குத்தும்போது மேற்பரப்பில் பள்ளம் விழுவதோடு, அதன் அடியிலும் உலோகத்தின் படிக அமைப்பு நசுங்கிவிடுகிறது. மேலே தெரிவதை அராவி எடுத்தாலும் அடியில் நசுங்கிய பகுதி நிற்கும். அந்த இடத்தை மெருகிட்டுச் செப்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலைத் தடவினால், நசுங்கிய உலோகம் மற்றதிலிருந்து வேறு விதமாக அரிக்கப்பட்டு எண் மங்கலாக மேலெழும். சில நேரம் அது சில நிமிடங்களே தெரியும். உடனே படம் எடுத்துவிட வேண்டும். தடய அறிவியல் கூடங்களில் இது நெடுங்கால வழக்கம். சென்னையில் 1849-இலேயே அரசு இரசாயனப் பரிசோதனைக் கூடம் அமைந்தது என்பதும், இந்தியாவில் இத்துறையின் தொடக்கம் அதுவே என்பதும் தமிழ்நாட்டவர் நினைவில் வைக்க வேண்டியவை.

சட்டமும் இந்த எண்ணைக் கவனமாகப் பார்க்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் குத்தப்பட்ட பெயரையோ எண்ணையோ வேறு அடையாளத்தையோ அழிப்பதையும் மாற்றுவதையும் போலியாகச் செய்வதையும் குற்றமாக்குகிறது. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே குடிமக்களுக்கான இந்தியத் துப்பாக்கி .315 என்ற வேறு அளவில் செய்யப்பட்டது. உலக அளவில் 2005 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற தடமறியும் ஆவணம் ஒவ்வொரு சிறு ஆயுதத்திலும் செய்தவர் பெயர், நாடு, வரிசை எண் மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்கிறது. எண் மட்டும் போதாது என்று நான் தொடக்கத்திலிருந்து சொல்லி வருவதை உலக நாடுகளும் ஏற்றிருக்கின்றன. பாட்டனார் காலத்துத் துப்பாக்கி பரணில் கிடைத்தால் அதைத் தேய்க்காமல், துடைக்காமல், யாருக்கும் விற்காமல் முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பயன்படுத்தவே முடியாத பழம்பொருளுக்கு 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு என்றாலும், அது பயன்படுமா படாதா என்று தீர்மானிப்பது நாம் அல்ல.

நெய்வேலியின் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் காக்கிற மத்திய தொழில் பாதுகாப்புப் படை 1969 மார்ச் 10-இல் தோன்றியது. 1983-இல்தான் அது ஒன்றியத்தின் ஆயுதப் படை என்ற சட்ட நிலையைப் பெற்றது. அதற்குள் .303-இன் காலம் சாயத் தொடங்கிவிட்டது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு அதற்கு விடை கொடுத்தது. மற்ற மாநிலங்களிலும் அது கவாத்துக்கும் துக்க மரியாதைக்கும் சுருங்கிவிட்டது. விலக்கப்பட்ட துப்பாக்கிகள் வெட்டி உருக்கப்படுகின்றன. பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் உருகும் இரும்போடு கழுத்தில் எழுதியதும் சேர்ந்து உருகுகிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்திலும் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்கள் பாதுகாப்பாக இருக்கின்றன. பள்ளி கல்லூரிகளுக்குக் கவாத்துக்கு வரும் டி.பி. துப்பாக்கிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவற்றின் பதிவேட்டில் பட் நம்பரும் பாடி நம்பரும் இருக்கும். கழுத்திலுள்ள ஆலைப் பெயரையும் ஆண்டையும் முத்திரையையும் எழுதுவதற்குக் கட்டமே இருப்பதில்லை. என்.சி.சி. அதிகாரிகளிடமும் ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளர்களிடமும் நான் கேட்பது சிறிய காரியம். துப்பாக்கியைக் கழிவுக்கு அனுப்பும் முன் பதிவேட்டில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: எந்த ஆலை, எந்த ஆண்டு, கிரீடமா சிங்கமா, பழுதுபார்த்த ஆண்டு உண்டா. கழுத்தின் வலப்பக்கத்தை ஒரு புகைப்படம் எடுத்து அந்த வரியோடு வையுங்கள். ஒரு துப்பாக்கிக்கு இரண்டு நிமிடம் போதும்.